உள்வாடகை

பிரதோஷம் என்றைக்கு என்று பார்க்க அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எழுத்தைத் தட்டி முடிப்பதற்குள் ஒன்பது கட்டம் போட்ட ஒரு படம் வந்து வழிமறித்தது. ட்ராஃபிக் சிக்னல் இருக்கிற கட்டங்களைத் தொடச் சொன்னது. தொட்டாள். அடுத்து பஸ். அதற்கடுத்து, தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கிற சிவப்புக் குழாய். தண்டையார்பேட்டையில் அவள் பார்த்தே இராத வஸ்து. "நான் மனுஷிதான்னு இதுக்கு எத்தனை தடவடி சொல்றது?" என்று எழுந்துபோய், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டாள். பிரதோஷம் மறுநாள்தான்.

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் தெரியும் என்று ஒரு நினைப்பு. எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுத்தவர்தான் இப்போது ஃபைபரும் இழுத்திருக்கிறார். ஐபி முகவரி என்பது இணையத்தில் ஓர் இணைப்பின் கதவிலக்கம் மாதிரி. இந்த மாதிரி இணைப்பில் வீட்டுக்கு ஒரு தனி ஐபி முகவரி கிடைப்பது அபூர்வம். பழைய வகை முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடிதான், அவை பற்றாமல் போய் வருஷங்கள் ஆகின்றன. அதனால் பல வீடுகளைச் சேர்த்து வெளியுலகுக்கு ஒரே முகவரியாகக் காட்டிவிடுகிறார்கள். ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது அதன் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். அந்த எண்களை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த எனக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒரே கதவிலக்கம், உள்ளே ஏழு குடித்தனம். பின்கட்டில் ஒருத்தன் வம்பு செய்தால் வாசலில் நிற்கிறவனுக்குப் பேச்சு. தெருவில் யார் வீட்டிலோ ஏதோ ஓடுகிறது, அதற்கு எங்கம்மா சிக்னல் எண்ணுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

18-ஆம் தேதி ராத்திரி அப்படி விட முடியவில்லை. எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. எம்.சி. ரோட்டில் ஆறு துணிக்கடைகளுக்கு ஜிஎஸ்டி பார்க்கிறேன். 3பி என்கிற மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் 20-ஆம் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதால் 18, 19 இரண்டு ராத்திரியும் எனக்குச் சிவராத்திரி. அன்றைக்கு ஒவ்வொரு பக்கமும் நொண்டி நொண்டி வந்தது. ஓடிபி வந்துசேர்ந்தபோது அதைப் போட வேண்டிய பக்கம் காலாவதியாகியிருந்தது. எரிச்சலில், நெட்டைத் தொடுகிறது என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மூடினேன். பிரவுசர் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. வீட்டிலுள்ள போன்களில் வைஃபையை அணைத்தேன். டிவியையும் அணைத்தேன். அம்மா தூங்கியாயிற்று. அப்பா வாசல்படியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். அப்படியும் ரௌட்டரில் என் கம்ப்யூட்டருக்குப் போகிற வயரின் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

விளக்கு துடிப்பதே குற்றமில்லை. சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரும் மணி என்ன என்று கேட்கும், அப்டேட் உண்டா என்று கேட்கும். ஆனால் அது கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். இது மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் போட்டு ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தேன். விண்டோஸ் இருக்கிற எல்லா வீட்டிலும் இது இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் இந்த நொடியில் யார் யாரோடு பேசுகிறது, யாருக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது என்று வரிசையாகக் கொட்டும். எனக்கு 112 வரி கொட்டியது.

ஒரு வரியில் ஐந்து விஷயம் இருக்கும். இணைப்பின் வகை, இந்தப் பக்கத்து முகவரி, அந்தப் பக்கத்து முகவரி, நிலை, கடைசியில் ஓர் எண். அந்தப் பக்கத்து முகவரிக்குப் போட்டிருக்கும் தலைப்பு 'ஃபாரின் அட்ரஸ்'. ஃபாரின் என்றால் எங்கள் பக்கத்தில் பர்மா பஜார் செண்ட் பாட்டில்தான் நினைவுக்கு வரும். இங்கே அதற்கு வெளிநாடு என்று அர்த்தமில்லை. எதிர்முனை, அவ்வளவுதான். அடுத்த அறை பிரிண்டர்கூட இந்தக் கணக்கில் ஃபாரின். இதெல்லாம் தெரிந்துமே அந்த ராத்திரியில் அந்தச் சொல் வயிற்றைப் பிசைந்தது.

பயந்தவர்கள் முதலில் முகவரிகளைத்தான் துரத்துவார்கள். நானும் துரத்தினேன். முதலில் மாட்டியது ஒரு சிங்கப்பூர் முகவரி. சிங்கப்பூரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இணையக் கணக்கில் சென்னைக்குச் சிங்கப்பூர் பக்கத்து வீடு. 2002-லேயே இரண்டு ஊருக்கும் நடுவில் கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டருக்கு ஐ2ஐ என்ற கேபிளைப் போட்டுவிட்டார்கள். சோதித்துப் பார்த்தேன், போய்த் திரும்ப 35 மில்லி செகண்டை ஒட்டித்தான் ஆனது. நாம் அன்றாடம் பார்க்கிற பல தளங்கள் அங்கேயிருந்துதான் வருகின்றன.

அடுத்தது ஒரு முகவரி, பெயர் கேட்டால் 1இ100.நெட் என்றது. கேட்டதுமே கள்ளப் பெயர் மாதிரி இருந்தது. அது கூகுளுடையது. ஒன்றுக்குப் பின்னால் நூறு பூஜ்யம் போட்டால் வருகிற எண்ணுக்குக் கூகால் என்று பெயர், அதைத்தான் கணக்கு வாத்தியார் மாதிரிச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். 2009 முதல் தங்கள் சர்வர்களுக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முகவரி, ஆயிரக்கணக்கான தளங்களின் நகலைத் தங்கள் இடத்தில் வைத்துப் பரிமாறும் ஒரு பெரிய நிறுவனத்துடையது. இது வால்டாக்ஸ் ரோடு லாட்ஜ் மாதிரி. ஆள் இந்த லாட்ஜில் தங்கியிருக்கிறார் என்பது தெரிந்து என்ன பிரயோஜனம்? எந்த ரூம், என்ன வேலையாக வந்திருக்கிறார் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது. காலையில் நாம் படிக்கிற பத்திரிகையும் அதே லாட்ஜ்தான், திருடனும் அதே லாட்ஜ்தான்.

அப்புறம் கதவுகள். ஒரு கம்ப்யூட்டருக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. அதில் 'லிசனிங்' என்று நிலை போட்டிருந்தால் அந்தக் கதவின் பின்னால் ஏதோ ஒரு ப்ரோக்ராம் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். 127.0.0.1 என்று இருப்பதெல்லாம் கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்வது, நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. அதை விட்டுவிடலாம். 7680-இல் ஒன்று காத்திருந்தது. விண்டோஸ் தான் இறக்கிய அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர்ந்துகொள்ளும் கதவு அது. 9000-இல் இன்னொன்று. நல்ல உருண்டை எண், எனக்குத் தெரிந்த எதற்கும் பொருந்தவில்லை, கை நடுங்கிவிட்டது. அதை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மூடிக்கொண்டு போனது, நான் கணக்கு எழுதுகிற டாலி. தினமும் எட்டு மணி நேரம் எனக்குச் சோறு போடுகிற டாலியையே திருடன் என்று பிடித்திருக்கிறேன். பாதியில் வைத்திருந்த ஒரு கடையின் வவுச்சரும் அதோடு போயிற்று.

மணி பதினொன்றரை. அப்போதுதான் அந்தக் கடைசி எண்ணின் ஞாபகம் வந்தது. முதலிலேயே அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். பிஐடி என்பார்கள். அந்த இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் ப்ரோக்ராமின் அடையாள எண் அது. யாரோடு பேச்சு நடக்கிறது என்று உலகம் பூராவும் தேடுவதற்கு முன்னால், நம் வீட்டிலிருந்து யார் பேசுவது என்று பார்க்க வேண்டாமா? எண்களை வகை பிரித்துப் பார்த்தேன். 112 வரியில் எழுபதுக்கு மேல் ஒரே எண்.

இங்கே டிசிபிவியூ என்ற சின்னக் கருவி கைகொடுத்தது. மார்க் ருசினோவிச்சும் ப்ரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் ஆரம்பித்த சிஸ்இன்டர்னல்ஸ் கருவிப்பெட்டியில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டது, இன்றைக்கும் இலவசம்தான். நெட்ஸ்டாட் ஒரு போட்டோ என்றால் இது சினிமா. புதிதாக வந்த இணைப்பு பச்சை, நிலை மாறுவது மஞ்சள், மூடிக்கொண்டு போவது சிவப்பு. என் திரை ராயபுரம் சர்ச்சின் கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு மாதிரி எரிந்தது. எல்லாம் அந்த ஒரே ப்ரோக்ராம். அதில் ஓர் இணைப்பு மட்டும் அசையாமல் நின்றது, மற்றவையெல்லாம் வந்து சில நொடியில் போயின.

பெயர் ஒன்றும் பயமுறுத்துவதாக இல்லை. சேவை, உதவி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்தது. கள்ளப் பெயர் மாதிரி இருந்தது கூகுள், இது பார்க்கச் சாது. வலது பக்கம் அழுத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ப்ரோக்ராம் ஃபைல்ஸில் இல்லை, என் பெயரிலுள்ள ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தது. அதுவும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, நல்ல பிள்ளைகளும் அங்கே குடியிருப்பதுண்டு. முறையான டிஜிட்டல் கையெழுத்து இருந்தது. ஆன்டிவைரஸ் வாயைத் திறக்கவில்லை. ஃபைலை வைரஸ்டோட்டலில் போட்டேன். எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களை வரிசையாகக் கேட்டுச் சொல்கிற இடம் அது. ஐந்து மட்டும் 'வேண்டாத சாமானாக இருக்கலாம்' என்றன. மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரித்தால் நாலு பேர் பேச்சை இழுப்பார்களே, அந்த மாதிரி.

ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில், அந்த ப்ரோக்ராம் நொடிக்கு எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு அனுப்புகிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுத ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளைக்குக் கை அப்படித்தான் போகும், நடுவில் கோடு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று. 61 வந்தது, 60 போனது. 118 வந்தது, 115 போனது. 40, 41. 97, 95. கிலோபைட் கணக்கு. பத்து வரி எழுதியும் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே வந்த அப்பா தண்ணீர் குடிக்கும்போது என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். ஹார்பரில் டாலி க்ளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கப்பலிலிருந்து ஸ்லிங்கில் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அஞ்சு. அப்படியே 34 வருஷம். கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை.

"இன்னாமா இது, ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ பூந்திருக்குப்பா. இது உள்ள வர்றது, இது வெளிய போறது."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வரிசையாக இறக்கிப் படித்தார். "வழக்கமா எப்படி இருக்கும்?"

யோசித்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் தின்கிற பிராணி. பாட்டு, படம், பக்கம் என்று இழுத்துக்கொண்டே இருக்கும், அனுப்புவது கொசுறு. நம்மிடமிருந்து எதையாவது திருடிக்கொண்டு போனால் தலைகீழாக இருக்க வேண்டும், வருவது கொஞ்சம், போவது அதிகம். இரண்டும் சமமாக இருப்பது எதிலும் சேரவில்லை.

"வந்தது அப்படியே போவுதுன்னா அது நம்ம சரக்கு இல்லமா. ட்ரான்ஷிப்மென்ட். எவனோ அனுப்பறான், எவனோ வாங்கறான். நம்ம கரையில எறங்கி ஏறுது, அவ்ளோதான்." தம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரமாகத் திருடனைத் தேடுகிறேன், வந்திருப்பது திருடனே இல்லை. கம்ப்யூட்டர் சமீபத்தில் எந்தெந்தப் பெயர்களுக்கு முகவரி விசாரித்தது என்று விண்டோஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். ஐபிகான்ஃபிக் என்று அடித்து, சாய்கோடு போட்டு, டிஸ்ப்ளேடிஎன்எஸ் என்று சேர்த்தால் அந்தப் பட்டியல் வரும். வந்தது. விமான டிக்கெட் தளங்கள், ஓட்டல் ரூம் போடும் தளங்கள், விளையாட்டு ஷூ கடைகள், எந்த மொழி என்றே பிடிபடாத ஏதோ ஒரு வேலைவாய்ப்புப் பக்கம். எங்கள் வீட்டில் கடைசியாக ஓட்டல் ரூம் போட்டது திருச்செந்தூருக்கு, அதுவும் நேரில் போய். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. எல்லாம் 443-ஆம் கதவு வழியாக, பூட்டிய பேச்சு. அப்பா பாஷையில் சீல் வைத்த கண்டெய்னர். வெளியே எழுதியிருப்பதைப் படிக்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது.

ப்ரோக்ராம் இறங்கிய தேதியைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 5.40. அன்றைக்கு என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மாடியில் இருக்கிற அக்காவின் பையன், பி.காம். முதல் வருஷம், அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க வந்தவன். ஸ்டார்ட்அப் பட்டியலிலும் அதே பெயர் இருந்தது, கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக எழுந்துகொள்ளும்படி.

காலையில் காபி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை.

"சித்தி, அது வைரஸ் இல்ல. நான்தான் போட்டேன். நாம யூஸ் பண்ணாம சும்மா கெடக்குற நெட்ட அவங்க வாங்கிக்குவாங்க. டாலர்ல காசு."

"எவ்வளவு வந்திருக்கு?"

போனை எடுத்துக் காட்டினான். மூன்று டாலர் பன்னிரண்டு சென்ட்.

"எடுத்துட்டியா?"

"அஞ்சு டாலர் ஆனாதான் சித்தி எடுக்க முடியும்."

காலேஜில் சேக்காளி ஒருத்தன் சேர்த்துவிட்டிருக்கிறான், சேர்த்துவிட்டவனுக்குத் தனிக் காசு. ஹெட்போன் வாங்க ஆசை. அவன் பட்டனை அழுத்திச் சம்மதம் கொடுத்துத்தான் போட்டிருக்கிறான். அதனால்தான் ஆன்டிவைரஸ் பேசாமல் இருந்திருக்கிறது. வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்டால் நாய் ஏன் குரைக்கப் போகிறது.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பெரிய சர்வர் கட்டிடங்களிலிருந்து ஒருவர் ஒரு கடையின் தளத்துக்குள் நிமிஷத்துக்கு நூறு தடவை போய் விலை பார்த்தால், கடைக்காரர் அந்த முகவரியைத் தடுத்துவிடுவார். அதே ஆள் தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பத்து முகவரியிலிருந்து போனால் வாடிக்கையாளர் என்று உள்ளே விடுவார். அந்தக் குடும்ப முகவரிக்குத்தான் விலை. போட்டிக் கடையின் விலை பார்க்கிறவர்கள், தங்கள் விளம்பரம் வெளியூரில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் வாங்குகிறார்கள். திருடிய பாஸ்வேர்டுகளை ஒவ்வொரு தளமாகப் போட்டுப் பார்க்கிறவர்களும் இதே மாதிரி முகவரிகளைத்தான் தேடுகிறார்கள். யார் எதற்கு வந்தார் என்று நடுவில் நிற்கிற வீட்டுக்கு எந்த ரசீதும் வராது. அம்மா சிக்னல் எண்ணிய காரணமும் இப்போது புரிந்தது. எங்கள் முகவரியிலிருந்து ரோபோ மாதிரி நடந்துகொண்டது, வேறு யார் வீட்டிலும் இல்லை, எங்கள் கூடத்தில்தான்.

சம்மதமே கேட்காமல் நடத்தியவர்களும் உண்டு. 911 எஸ்5 என்ற வலையை 2024 மே மாதம் கலைத்ததாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. கிட்டத்தட்ட 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் அதில் மாட்டியிருந்தன. நம் முகவரியை மறைத்துக் காட்டும் இலவச விபிஎன் என்று ஜனங்கள் இறக்கிய ப்ரோக்ராம்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது அது. வாடகைக்கு எடுத்தவர்கள் அந்த வீட்டு முகவரிகளைக் காட்டிப் பணமோசடி முதல் வெடிகுண்டு மிரட்டல் வரை செய்திருக்கிறார்கள். எங்கள் பையன் போட்டது அந்த ரகம் இல்லை. மூன்று டாலர் காட்டுகிற யோக்கியமான ரகம். ஆனால் சீல் வைத்த கண்டெய்னர் என்ற விஷயத்தில் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"யாரோ விலை பாக்குறாங்க, நமக்கு என்ன சித்தி போவுது?" என்றான். நியாயமான கேள்விதான். அவனுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டின் கதையைச் சொன்னேன். அவன் பிறப்பதற்கு முந்தையது.

அந்த வீட்டில் ஏழு குடித்தனம், ஒரே அடிபம்பு, ஒரே கதவிலக்கம். முன்கட்டில் பைண்டிங் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். வாடகை கட்ட முடியாமல், தன் அறையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. அந்த ஆள் விடியற்காலை போய் ராத்திரி வருவார். கல்யாணத்தில் பரிமாறப் போகிறவர் என்று சொல்லிக்கொண்டார்கள். எங்களுக்கு முட்டாய் கொடுத்திருக்கிறார். ஒருநாள் ராத்திரி இரண்டு போலீஸ்காரர்கள் வந்து டார்ச் அடித்துக் கதவிலக்கத்தைப் பார்த்தார்கள். கையில் ஒரு காகிதம், அதில் அந்த எண் மட்டும். பெயர் தப்பாக இருந்தது. ஆள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். ஏழு குடித்தனத்து ஆம்பிளைகளும் பனியனோடு முற்றத்தில் வரிசையாக நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த எண் எங்கள் ரேஷன் கார்டிலும் இருந்தது. அப்பா இரண்டு நாள் டூட்டிக்குப் போகாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பைண்டிங்காரர் அழுதார். அவரும் முப்பதோ நாற்பதோ ரூபாய்க்காகத்தான் செய்தார்.

இன்றைக்கும் விசாரணை என்று வந்தால் கையில் இருக்கிற காகிதத்தில் ஐபி முகவரியும் நேரமும்தான் இருக்கும். பல வீட்டுக்கு ஒரே முகவரி என்றால் போர்ட் எண்ணும் சேர்ந்திருக்கும், அதை வைத்து எந்த இணைப்பு என்று கம்பெனியிடம் கேட்பார்கள். எங்கள் வீட்டு இணைப்பு ஆதாரோடு அப்பா பெயரில் இருக்கிறது. பையன் காபியைக் கீழே வைத்தான். "தாத்தா பேர்லயா?" என்று ஒரு தரம் கேட்டான். அதற்குப் பிறகு விவாதம் இல்லை.

எடுப்பது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அன்இன்ஸ்டால் கொடுத்ததும் போய்விட்டேன் என்று சொல்லிவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தது, தானே தன்னை அப்டேட் செய்துகொள்ள. சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸைத் திறந்து அதையும் தேடி அழித்தேன். கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகள், என் மெயில், பேங்க் எல்லாவற்றையும் என் போனிலிருந்து, வீட்டு வைஃபை இல்லாமல் மாற்றினேன். அந்த ப்ரோக்ராம் அவற்றைத் தொட்டதற்கு அடையாளம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஆறு கடைக்காரர்களின் சாவிக்கொத்து என் கையில் இருக்கிறது, இல்லாத அடையாளத்தை நம்பி நான் தூங்க முடியாது. 3பி எல்லாம் போன் ஹாட்ஸ்பாட்டில் 20-ஆம் தேதி மத்தியானம் போனது. பையனுக்கு விண்டோஸில் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்து, என்னைக் கேட்காமல் எதையும் இறக்கிப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறான். ஹெட்போனை தீபாவளிக்குப் பார்க்கலாம்.

நாலு நாள் கழித்து ஏகாதசி பார்க்க உட்கார்ந்த அம்மாவுக்கு மறுபடியும் ட்ராஃபிக் சிக்னல் வந்தது.

கெட்ட பெயர் வெளுக்க நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தெருவுக்கே ஒரே முகவரி என்பதும் நிஜம்தான். என் கம்ப்யூட்டரில் நெட்ஸ்டாட் இப்போது இருபது வரிக்குள் அடங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆள் யாரென்று தெரியும். ரௌட்டரின் பக்கத்தில் வீட்டில் என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று பட்டியல் இருக்கும். எண்ணினேன். மூன்று போன், ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர். ஐந்து. பட்டியலில் ஆறு.

திரும்பிப் பார்த்தேன். டிவி அணைந்திருந்தது. அதன் அடியில், அப்பா பழைய பாட்டு பார்க்கப் போன வருஷம் 1,700 ரூபாய்க்கு வாங்கிய, பெயர் இல்லாத ஆண்ட்ராய்டு பெட்டியில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அணைத்தேன் என்று நினைத்த அந்த ராத்திரியும் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். இப்படிப் பெயரில்லாமல் விற்கும் பெட்டிகள் சில, கடையிலிருந்து வரும்போதே இந்த வேலைக்கு ஆள் எடுக்கப்பட்டு வருகின்றன என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். எங்கள் பெட்டி அந்த ரகமா என்று தெரிந்துகொள்ள, அதில் கறுப்புத் திரையைத் திறக்கவோ பிஐடியைப் பார்க்கவோ எனக்கு வழி தெரியவில்லை. எங்கள் ரௌட்டருக்குச் சாதனம் வாரியாக வரவு பற்று சொல்லத் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன்.

"அதுல கணக்கு எடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா. நம்மகிட்ட இருக்கறத வச்சு முடியாது."

கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, பீரோ மேலே வைத்தார்.

"அப்போ எட்டரை மணிக்குப் பாட்டு?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அவர் பதில் சொல்லவில்லை. வாசல்படிக்குப் போய் ரேடியோவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.